பிரித்துப் போட்ட இன்ஜின் மறுபடி உறுமும் வரை: ஆர்வம் வற்றாமல் வேலையை முடிக்க ஒரு முழு வழிகாட்டி

பழைய காரின் இன்ஜினைப் பிரிக்க ஒரு சனி, ஞாயிறு போதும். அதை மறுபடி சேர்த்து ஓடவைக்க ஆறு மாதம் ஆகலாம், இரண்டு வருடமும் ஆகலாம். இந்த இடைவெளியில்தான் நிறைய கார்கள் தார்ப்பாய்க்குள் போய் அப்படியே நின்றுவிடுகின்றன. பாதியில் விட்டவர்களிடம் பேசிப் பாருங்கள். வேலை தெரியாமல் விட்டேன் என்பவர் குறைவு. "உள்ளே போய் நின்றேன், எதிலிருந்து ஆரம்பிப்பது என்று புரியவில்லை, திரும்பி வந்துவிட்டேன்" என்பார்கள். அப்படி நாலு தடவை திரும்பி வந்தால், ஐந்தாவது தடவை கால் அந்தப் பக்கமே போகாது.

நான் முதன்முதலில் பிரித்த இன்ஜின் எட்டு மாதம் அப்படிக் கிடந்தது. கார்புரேட்டர் வைத்த, நாலு சிலிண்டர் இரும்பு பிளாக் (சிலிண்டர்கள் இருக்கும் இன்ஜினின் உடல்). அதற்குள் என்னைத் திரும்ப இழுத்தது ஒரு துண்டுக் காகிதம். எப்போதோ நானே எழுதி ஒட்டியிருந்தேன்: "ஆயில் பம்ப் மூடியைத் திற, கியர் இடைவெளியை அள." இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடுகளான ஃபீலர் கேஜ் பக்கத்திலேயே இருந்தது. இருபது நிமிடத்தில் அளந்து முடித்தேன். அடுத்த நாளும் போனேன். இன்ஜின் வேலையில் ஆர்வம் என்பது அடுத்து கை என்ன செய்ய வேண்டும் என்று தெரிவதுதான் என்று அன்று புரிந்தது. கீழே சொல்லப்போகும் எல்லாமே அந்த ஒன்றைச் சுற்றித்தான்.

ஸ்பேனரை எடுக்கும் முன்

இன்ஜின் இன்னும் ஓடுகிறது என்றால், பிரிப்பதற்கு முன் கம்ப்ரஷன் டெஸ்ட் (ஒவ்வொரு சிலிண்டரும் எவ்வளவு அழுத்தம் தருகிறது என்ற சோதனை) எடுத்துவிடுங்கள். இன்ஜின் சூடாக இருக்க வேண்டும், எல்லா ஸ்பார்க் பிளக்கும் வெளியே, ஆக்சிலரேட்டர் முழுவதும் அழுத்தியபடி, பேட்டரி நல்ல சார்ஜில். ஒவ்வொரு சிலிண்டரின் அளவையும் எழுதுங்கள். குறைவாகக் காட்டும் சிலிண்டரில் ஒரு ஸ்பூன் ஆயில் ஊற்றி மறுபடி பாருங்கள். அளவு நன்றாக ஏறினால் தேய்மானம் ரிங்கிலோ (பிஸ்டனைச் சுற்றிய வளையம்) சிலிண்டரிலோ. ஏறவில்லை என்றால் வால்வையோ ஹெட் கேஸ்கட்டையோ (பிளாக்குக்கும் அதை மேலே மூடும் ஹெட்டுக்கும் நடுவே உள்ள அடைப்புத் தகடு) சந்தேகப்படலாம். அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்கள் மட்டும் சேர்ந்து குறைந்தால் நடுவே கேஸ்கட் போயிருக்க வாய்ப்பு அதிகம். ஹெட் வேலையோடு முடியக்கூடிய ஒன்றுக்கு முழு இன்ஜினையும் இறக்கிவிட்டு, பாதியில் மனம் வெறுத்துப் போனவர்கள் இருக்கிறார்கள். இந்த ஒரு மணி நேர வேலை அவர்களைக் காப்பாற்றியிருக்கும்.

அடுத்தது, எதற்காக இந்த வேலை என்பதை ஒரே வரியில் எழுதுவது. "புகை இல்லாமல், ஆயில் குடிக்காமல், தினசரி ஓட்ட வேண்டும்" என்பது ஒரு குறிக்கோள். "கண்காட்சிக்கு நிறுத்தும் அளவுக்குப் பளபளப்பு" என்பது வேறு குறிக்கோள், வேறு செலவு, வேறு காலம். இரண்டையும் கலந்தால் இரண்டுமே நடக்காது.

இங்கேயே ஒரு எல்லையும் போட்டுவிடுங்கள். இன்ஜின் வெளியே வந்ததும் "இதையும் சேர்த்துப் பார்த்துவிடலாமே" என்ற எண்ணம் வராமல் இருக்காது. சஸ்பென்ஷன், வயரிங், பெயின்ட் என்று அது வளரும். இன்ஜின் வேலையைக் கொல்வதில் துருப்பிடித்த போல்ட்டைவிட இந்த எண்ணத்துக்குத்தான் பங்கு அதிகம். நான் வைத்திருக்கும் கேள்வி ஒன்றே: இதைப் பிறகு செய்ய இன்ஜினை மறுபடி இறக்க வேண்டியிருக்குமா? ஆமாம் என்றால் இப்போதே. கிளட்ச் பிளேட், ரிலீஸ் பேரிங், கிராங்க்கின் (பிஸ்டன்கள் சுழற்றும் முக்கியத் தண்டு) பின்பக்க ஆயில் சீல், இன்ஜின் மவுன்ட் எல்லாம் இதில் வரும். இல்லை என்றால் வேறொரு நோட்டில் எழுதி மூடிவிடுங்கள்.

கழற்றும் நாளிலேயே சேர்க்கும் வேலை தொடங்குகிறது

பிரிக்கும்போது கிடைக்கும் வேகம் ஏமாற்றும். மணிக்கு ஐம்பது போல்ட் கழற்றுவீர்கள். அந்த ஐம்பதும் ஒரே டப்பாவில் விழுந்தால், ஆறு மாதம் கழித்து அந்த டப்பாவைப் பார்க்கும்போதே களைப்பு வரும்.

ஒவ்வொரு பாகத்தின் போல்ட்டுக்கும் தனிப் பை. பைக்குள் ஒரு சீட்டு: எந்த பாகம், எத்தனை போல்ட், எது நீளம், எது குட்டை. வாட்டர் பம்ப், டைமிங் கவர் போன்றவற்றில் ஒரே மூடியில் மூன்று நீளத்தில் போல்ட் வரும். நீளமானது தவறான துளையில் போனால் உள்ளே முட்டி பிளாக்கையே விரிசல் விட வைக்கும். அட்டையில் அந்த மூடியின் வடிவத்தை வரைந்து, அந்தந்த இடத்தில் துளை போட்டு, போல்ட்டுகளைச் செருகி வைத்துவிட்டால் எழுதவே வேண்டாம்.

படம் எடுப்பதில் கஞ்சத்தனம் வேண்டாம். ஒரு பாகத்தைத் தொடும் முன் மூன்று: தூரத்திலிருந்து, பக்கத்திலிருந்து, பக்கவாட்டிலிருந்து. ஹோஸ் எந்தப் பக்கம் வளைகிறது, வயர் எதன் அடியில் போகிறது, கிளாம்ப்பின் திருகு எந்தத் திசையைப் பார்க்கிறது என்பதெல்லாம் சேர்க்கும் நாளில் தேவைப்படும்.

சில பாகங்கள் இடம் மாறவே கூடாது. கிராங்க்கைத் தாங்கும் மெயின் பேரிங் கேப்புகளைப் பிளாக்கில் பூட்டிய நிலையில்தான் தொழிற்சாலையில் துளையிட்டிருப்பார்கள். அதனால் ஒவ்வொரு கேப்பும் அதன் இடத்தில், அதே திசையில்தான் உட்கார வேண்டும். பிஸ்டனைக் கிராங்க்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடும் அதன் கேப்பும் பிரியாத ஜோடி. வால்வுகளைத் திறக்கவைக்கும் பழைய கேம்ஷாஃப்ட்டையே திரும்பப் போடுவதாக இருந்தால், அதன் மேல் உரசி நகரும் டாப்பெட்டுகளும் எந்தக் குழியிலிருந்து வந்தனவோ அங்கேயே போக வேண்டும். முன்பக்கத்திலிருந்து 1, 2, 3, 4 என்று எண் எழுதி, முன்னோக்கி ஒரு அம்புக்குறியும் போடுங்கள்.

எழுந்து போகும் முன் பத்து நிமிடம்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும்தான் கடைப்பிடிப்பேன் என்றால் இதைக் கடைப்பிடியுங்கள்.

ஒவ்வொரு முறை வேலையை முடிக்கும்போதும் கடைசிப் பத்து நிமிடத்தை ஒதுக்குங்கள். கருவிகளைத் துடைத்து இடத்தில் வையுங்கள். திறந்திருக்கும் பாகங்களை மூடுங்கள். பிறகு ஒரு காகிதத்தில் அடுத்த வேலையை ஒரே வாக்கியத்தில் எழுதி இன்ஜின் ஸ்டாண்டில் ஒட்டுங்கள். அந்த வாக்கியத்தில் ஒரு பாகமும் ஒரு செயலும் இருக்க வேண்டும். "ஹெட் வேலை" என்று எழுதினால் பயனில்லை, அது பத்து நாள் வேலையின் பெயர். "3-ஆம் சிலிண்டரின் எக்ஸாஸ்ட் வால்வைக் கழற்றி, கைடில் எவ்வளவு ஆடுகிறது என்று பார்" என்பது வேலை. அதற்கு வேண்டிய கருவியையும் எடுத்துப் பக்கத்தில் வைத்துவிடுங்கள்.

கூடவே இன்னொன்று: மாட்டிக்கொண்ட இடத்தில் வேலையை நிறுத்தாதீர்கள். வராத போல்ட்டோடு ஒரு மணி நேரம் மல்லுக்கட்டி, தோற்று, விளக்கை அணைத்துவிட்டுப் போனால், அடுத்த பத்து நாளும் அந்த போல்ட்தான் மனதில் நிற்கும். அதற்குப் பெனட்ரேட்டிங் ஆயில் விட்டு ஊற வைத்துவிட்டு, எளிதான வேறொன்றை முடித்துவிட்டுக் கிளம்புங்கள். கடைசியாகக் கை தொட்டது முடிந்த வேலையாக இருக்கட்டும்.

எத்தனை மணி நேரம் என்பதைவிட எத்தனை நாளுக்கு ஒருமுறை என்பது முக்கியம். வாரத்தில் மூன்று நாள், நாற்பது நிமிடம் வீதம் செய்தால் எந்த பை எங்கே இருக்கிறது என்பது மனதில் இருக்கும். மாதத்தில் ஒரு முழு ஞாயிறு என்றால் முதல் இரண்டு மணி நேரம் நினைவுபடுத்திக்கொள்வதிலேயே போகும்.

சோர்ந்த நாள் வேலை, தெளிந்த நாள் வேலை

எல்லா நாளும் ஒரே மனநிலையில் இருக்க முடியாது. அதனால் சுவரில் இரண்டு பட்டியல் வைத்திருக்கிறேன்.

சோர்ந்த நாளுக்கு: போல்ட்டுகளை வயர் பிரஷ்ஷால் தேய்ப்பது, பிராக்கெட்டுகளுக்குப் பெயின்ட் அடிப்பது, சம்ப்பைக் (அடியில் உள்ள ஆயில் தொட்டி) கழுவுவது, கேஸ்கட் செட்டைப் பிரித்து எது எங்கே என்று சரிபார்ப்பது. இவற்றில் தவறு நடந்தாலும் மறுபடி செய்துகொள்ளலாம். தேய்த்த போல்ட்டுகள் வரிசையாக மினுங்குவதைப் பார்த்தால் அன்றைய பாரமும் கொஞ்சம் குறையும்.

தெளிந்த நாளுக்கு: அளவெடுப்பது, ரிங் இடைவெளி பார்ப்பது, டார்க் ரெஞ்ச் (குறிப்பிட்ட அளவு பலத்தில் இறுக்கும் ஸ்பேனர்) பிடிக்கும் எல்லா வேலையும், உடைந்த ஸ்டட்டைத் (தலையில்லாத போல்ட்) துளைப்பது, அலுமினிய ஹெட்டிலிருந்து பழைய கேஸ்கட்டைச் சுரண்டுவது. இவற்றில் செய்த தவறைத் திரும்ப எடுக்க முடியாது. இரவு பத்து மணிக்கு, வேலைக்குப் போய் வந்த களைப்போடு, இந்தப் பட்டியலில் எதையும் தொடாதீர்கள். கஷ்டப்பட்டுக் காப்பாற்றிய ஆர்வம் ஒரே இரவில் போவது பெரும்பாலும் இப்படித்தான்.

உடைந்த போல்ட்டைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒரே பலத்தில் இரண்டு முறை முயன்றும் அசையவில்லை என்றால் மூன்றாவது முறை வேண்டாம், வழியை மாற்றுங்கள். சூடுபடுத்தி ஆறவிடுவது, முன்னும் பின்னும் சிறிது சிறிதாக அசைப்பது, உடைந்து நிற்கும் முனையில் நட்டை வைத்து வெல்டிங் செய்து திருகுவது. வெல்டிங் சூட்டிலேயே பல ஸ்டட்கள் இளகிவிடும். உங்களிடம் அந்த வசதி இல்லை என்றால் பட்டறைக்கு அனுப்பும் பட்டியலில் சேர்த்துவிடுங்கள். அதில் எந்தக் குறைச்சலும் இல்லை.

அளவெடுக்கும் நாள்

கெட்ட செய்தி வரும் நாள் இது. மனதை முன்பே தயார் செய்துகொண்டு போனால் அடி குறையும்.

ஒவ்வொரு சிலிண்டரையும் மேலே, நடுவே, கீழே என்று மூன்று இடத்தில், நீளவாக்கிலும் குறுக்கிலும் அளக்க வேண்டும். ஒரு சிலிண்டருக்கு ஆறு அளவு. மேலுக்கும் கீழுக்கும் உள்ள வித்தியாசம் டேப்பர். நீளத்துக்கும் குறுக்குக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் 'ஓவல் அடித்திருக்கிறது' என்பார்கள். கிராங்க் ஜர்னல்களுக்கும் (பேரிங்கில் உட்கார்ந்து சுழலும் பகுதிகள்) இதேபோல மைக்ரோமீட்டர் வைத்து அளவெடுங்கள். எது வரை தாங்கும் என்பதை அந்த இன்ஜினின் சர்வீஸ் மேனுவல் சொல்லும். அதைத் தவிர வேறு யார் சொல்லும் எண்ணையும் எடுத்துக்கொள்ளாதீர்கள்.

பழைய இன்ஜினில் சிலிண்டர் தேய்ந்திருப்பது இயல்பு. அதற்கு வழி இருக்கிறது. சிலிண்டரைப் போரிங் செய்து (உள்ளே சற்றுப் பெரிதாகக் கடைந்து) ஓவர்சைஸ் பிஸ்டன் போடலாம். 0.25, 0.50, 0.75, 1.00 மி.மீ. என்று படிப்படியாகக் கிடைப்பது வழக்கம். அந்த எல்லையையும் தாண்டியிருந்தால் லைனர் (உள்ளே செருகும் புதுக் குழாய்) இறக்கலாம். கிராங்க்கை கிரைண்டிங் செய்து அண்டர்சைஸ் பேரிங் போடலாம். அளவு மோசமாக வந்தால் வேலையின் பெயர் மாறுகிறது, அவ்வளவுதான். அன்றைக்கே எந்த முடிவும் எடுக்காமல், எண்களை எழுதி வைத்துவிட்டு இரண்டு நாள் கழித்துப் பாருங்கள்.

இந்த நாளுக்கு முன்பு பேரிங், பிஸ்டன், ரிங் எதையும் வாங்காதீர்கள். ஆசையில் முதல் வாரமே ஸ்டாண்டர்ட் சைஸ் பேரிங் செட் வாங்கி அடுக்கிவிட்டு, கிராங்க் கிரைண்டிங்குக்குப் போன பிறகு அந்த செட் அலமாரியில் கிடப்பதைப் பார்ப்பது எனக்கு மிகவும் வலித்தது. அதே சமயம், போரிங் செய்வதற்கு முன் அந்த ஓவர்சைஸ் பிஸ்டன் உண்மையில் கிடைக்கிறதா என்பதை உறுதி செய்து, பிஸ்டனைக் கையில் வாங்கி, பிளாக்கோடு சேர்த்துக் கொடுங்கள். பிஸ்டனை அளந்துதான் சிலிண்டரைப் போரிங் செய்ய வேண்டும்.

பட்டறையில் காத்திருக்கும் வாரங்கள்

ஆர்வம் அதிகமாக வற்றுவது இங்கேதான். உங்கள் கையில் ஒன்றும் இல்லை. சொன்ன தேதி தள்ளிப்போகும். காரில் இன்ஜின் இருந்த இடம் வெறும் பள்ளமாக இருக்கும்.

கொடுக்கும்போதே எழுதிக் கொடுங்கள்: பிளாக்கை வெந்நீர்த் தொட்டியில் கழுவுவது, விரிசல் சோதனை, போரிங், ஹோனிங் (சிலிண்டரின் உள்சுவரை நுட்பமாகத் தேய்ப்பது), கிராங்க் கிரைண்டிங், ஹெட் ஃபேசிங் (ஹெட்டின் அடிப்பரப்பைச் சமன் செய்வது), வால்வு சீட் வெட்டுவது. ஒவ்வொன்றுக்கும் என்ன அளவு வேண்டும் என்பதோடு ஒரு நகல் உங்களிடமும் இருக்கட்டும். தேதி கேட்கும்போது அவர்கள் சொல்வதோடு பாதியைக் கூட்டி மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நல்ல பட்டறையில் வரிசை நீளமாகத்தான் இருக்கும். அவசரப்படுத்தி வாங்கிய போரிங்கைவிட ஒரு மாதம் தாமதம் மேல்.

இந்த வாரங்களுக்கென்றே வேலைகளை முன்கூட்டி ஒதுக்கி வையுங்கள். கார்புரேட்டரைப் பிரித்துச் சுத்தம் செய்து புது கிட் போடுவது, டிஸ்ட்ரிபியூட்டர், ஸ்டார்ட்டர் மோட்டார், ஆல்டர்னேட்டர், ரேடியேட்டர், இன்ஜின் அறையின் உள்பக்கத்தைக் கழுவிப் பெயின்ட் அடிப்பது, இற்றுப்போன ஹோஸ்களை மாற்றுவது. ஒவ்வொன்றும் ஒன்றிரண்டு நாளில் முழுதாக முடியக்கூடியது. முடிந்த பாகங்களைத் துணியில் சுற்றி, தேதி எழுதி, கண்ணில் படும்படி ஒரே அலமாரியில் அடுக்குங்கள். அந்த அலமாரி நிறைவதுதான் இந்த நாட்களில் முன்னேற்றம்.

கார் ஓடிய காலத்தில் எடுத்த படமோ, அதன் சத்தத்தைப் பதிவு செய்ததோ இருந்தால் இப்போது எடுத்துப் பாருங்கள். முடிந்தால் அதே மாடல் வைத்திருக்கும் ஒருவரிடம் ஒருமுறை உட்கார்ந்து வர அனுமதி கேளுங்கள். அரை மணி நேரப் பயணம் இரண்டு மாதத்துக்கு எரிபொருள்.

வேலை முடிந்து பிளாக் வந்ததும்

பட்டறையில் கழுவித்தான் கொடுத்தார்கள் என்றாலும் நீங்கள் மறுபடி கழுவ வேண்டும். எனக்கு ஒருமுறை வந்த பிளாக்கின் ஆயில் வழியில் இரும்புத் துருவல் ஒட்டியிருந்தது. அது அப்படியே போயிருந்தால் புது பேரிங்குகள் முதல் நாளே போயிருக்கும். ஆயில் வழிகளின் பிளக்குகளைக் கழற்றி, நீளமான பிரஷ், வெந்நீர், சோப்பு கொண்டு தேய்த்துக் கழுவுங்கள். சிலிண்டருக்குள் ஆயில் தொட்ட வெள்ளைத் துணியால் துடையுங்கள். துணி சாம்பல் நிறமாகும் வரை ஹோனிங் தூள் உள்ளே இருக்கிறது என்று பொருள். வெள்ளையாகவே வரும் வரை விடாதீர்கள். உலர்ந்த உடனே ஆயில் பூசி மூடுங்கள். புதிதாக வெட்டிய இரும்பு ஈரக்காற்றில் சில மணி நேரத்திலேயே துரு காட்டத் தொடங்கும்.

சேர்க்கும் கட்டம்

இங்கே வரும் தயக்கம் வேறு வகை. எல்லாம் தயாராக இருக்கும், கை மட்டும் ஓடாது. இவ்வளவு செலவு செய்து, தவறு செய்துவிட்டால் என்ற பயம். மாதக்கணக்கில் இந்த இடத்தில் நின்றவர்களை அறிவேன். பயத்துக்கு மருந்து ஒவ்வொரு படியிலும் ஒரு சோதனை வைத்துக்கொள்வது.

மெயின் பேரிங் போட்டு, கிராங்க்கை இறக்கி, பிளாஸ்டிகேஜ் என்ற நசுங்கும் பிளாஸ்டிக் இழையை வைத்து, கேப்பை முழு டார்க்கில் இறுக்கிக் கழற்றுங்கள். இழை நசுங்கிய அகலம் இடைவெளியைச் சொல்லும். இழை இருக்கும்போது கிராங்க்கைச் சுற்றக் கூடாது. 50 மி.மீ. ஜர்னலுக்கு 0.05 மி.மீ. அளவில் இருப்பது பொதுவான கணக்கு, ஏறக்குறைய ஒரு தலைமுடியின் தடிமன். இழையைத் துடைத்தெடுத்து, அசெம்பிளி லூப் (சேர்க்கும்போது பூசும் மசகு) தடவி, ஒவ்வொரு கேப்பாக இறுக்குங்கள். ஒன்றை இறுக்கியதும் கிராங்க்கைக் கையால் சுற்றுங்கள். சுகமாகச் சுற்றினால் அடுத்தது. பிடித்தால், கடைசியாகப் போட்ட கேப்பில்தான் கோளாறு. எல்லாவற்றையும் மாட்டிவிட்டுப் பிறகு சுற்றிப் பார்ப்பவருக்கு இந்த வசதி கிடையாது.

ரிங்குகளைப் பிஸ்டனில் மாட்டும் முன், ஒவ்வொன்றையும் அதன் சிலிண்டருக்குள் வைத்து, பிஸ்டனால் நேராகத் தள்ளி, முனை இடைவெளியை அளங்கள். சாதாரண இன்ஜினுக்கு 25 மி.மீ. விட்டத்துக்கு 0.10 மி.மீ. என்பது தோராயக் கணக்கு. 75 மி.மீ. சிலிண்டரில் 0.30 வரும். இறுதி அளவை ரிங் செட்டோடு வரும் தாளில் பாருங்கள். இடைவெளி போதாமல் போனால் சூட்டில் முனைகள் முட்டி ரிங் உடையும்.

ஹெட் போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளியே, மேனுவலில் சொன்ன வரிசையில், இரண்டு மூன்று கட்டமாக இறுக்குங்கள். இழுபட்டு இறுகும் வகை போல்ட் என்றால் பழையதை மறுபடி போடக் கூடாது. முழு டார்க் வந்த ஒவ்வொரு போல்ட்டின் தலையிலும் பெயின்ட் பேனாவால் ஒரு கோடு போடுங்கள். நடுவில் யாராவது கூப்பிட்டால் எழுந்து போய்வரலாம், சந்தேகம் இல்லாமல் தொடரலாம். இந்த நாட்களுக்கு மட்டும் ஒரு நண்பரைக் கூப்பிடுங்கள். அவர் எண்ணைப் படிக்க, நீங்கள் இறுக்க, அவர் நோட்டில் எழுத, வேலை நிதானமாக நடக்கும்.

இடையில் நிறுத்த வேண்டி வந்தால்

பணமோ, உடலோ, வீட்டுச் சூழலோ நிறுத்தச் சொல்லும் காலம் வரும். அப்போது ஒரு மாலையை ஒதுக்கி முறையாக நிறுத்துங்கள். சிலிண்டர், கிராங்க், கேம் எல்லாவற்றிலும் கெட்டியாக ஆயில் பூசி, பெரிய பிளாஸ்டிக் பையால் மூடிக் கட்டுங்கள். எது முடிந்தது, எது வரவேண்டும், யாரிடம் என்ன கொடுத்திருக்கிறது, அடுத்த வேலை எது என்று உங்களுக்கே ஒரு பக்கக் கடிதம் எழுதிப் பையின் மேல் ஒட்டுங்கள். நான் அந்த எட்டு மாதத்துக்கு முன் இதைச் செய்திருந்தால் இரண்டு சிலிண்டர்களில் துருவைப் பார்த்திருக்க மாட்டேன்.

முதல் ஸ்டார்ட்டும் அதற்குப் பிறகும்

ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, ஆயில் பிரஷர் காட்டும் வரை ஸ்டார்ட்டரால் சுற்றுங்கள். கூலன்ட், ஃபயரிங் ஆர்டர், இக்னிஷன் டைமிங், பெட்ரோல் கசிவு ஆகியவற்றைப் பாருங்கள். தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். தட்டையான டாப்பெட் வகை இன்ஜினில் புது கேம் போட்டிருந்தால், பிடித்ததும் ஐடிலில் விடாமல் 2,000 ஆர்.பி.எம். அல்லது சற்று மேலே, ஏற்றி இறக்கியபடி 20 நிமிடம் ஓட்ட வேண்டும். துத்தநாகச் சேர்க்கை உள்ள ஆயில் அதற்குத் தேவை. மற்ற வகைகளுக்கு மேனுவல் சொல்வதே சரி.

அந்த முதல் சத்தத்துக்கு அடுத்த வாரம் ஒரு சரிவு வரும், எதிர்பார்த்திருங்கள். டைமிங் கவரில் ஆயில் கசியும், ஐடில் தடுமாறும், எங்கோ ஒரு ஹோஸ் சொட்டும். இவ்வளவு செய்தும் இப்படியா என்று தோன்றும். புதிதாகச் சேர்த்த எந்த இன்ஜினும் இந்த வாரத்தைக் கடந்துதான் வரும். மறுபடி ஒரு காகிதம் எடுங்கள். பெட்ரோல் கசிவு முதலில், கூலன்ட் இரண்டாவது, ஆயில் மூன்றாவது, டியூனிங் கடைசி. ஒரு நாளைக்கு ஒன்று.

கேம் ஓட்டம் முடிந்ததும் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றுங்கள். பழைய ஃபில்டரை வெட்டித் திறந்து மடிப்புகளில் உலோகத் துகள் இருக்கிறதா என்று பாருங்கள். முதல் சில நூறு கிலோமீட்டருக்கு நீண்ட நேரம் ஐடிலில் விடாமல், ஒரே வேகத்திலும் ஓட்டாமல், மிதமாக ஏற்றி இறக்கி ஓட்டினால் ரிங்குகள் சிலிண்டரோடு படியும். பிறகு இன்ஜின் ஆறியதும் வால்வு இடைவெளியை மறுபடி பாருங்கள். ஹெட்டை மறுபடி இறுக்க வேண்டுமா என்பதைக் கேஸ்கட்டோடு வந்த தாள் சொல்லும். அது முடிந்த பிறகு, ஆரம்பத்தில் எழுதி மூடி வைத்த அந்த இன்னொரு நோட்டைத் திறக்கலாம்.